எல்லாமே சாம்பல்: கரைப்பறவைகளை வடிவத்தால் பிரித்தறிவது

சேற்றுத்திட்டை முதன்முதலாக பைனாகுலர் வழியே பார்க்கிறவர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே!" இதில் பார்ப்பவரின் குறை ஒன்றுமில்லை. பறவைக் கையேட்டின் அட்டையில் செங்கல் நிற மார்போடு நிற்கும் மூக்கனும் (காட்விட்), கரி அப்பியது போன்ற வயிற்றோடு நிற்கும் உப்புக்கொத்தியும் (ப்ளோவர்) வடதுருவத்தை ஒட்டிய கோடைக்கால உடுப்பில் இருக்கின்றன. கூடு, குஞ்சு எல்லாம் முடித்து, கடக ரேகையையும் மகர ரேகையையும் ஒட்டிய கரைகளுக்கு அவை வந்திறங்கும்போது அந்த உடுப்பு நைந்து உதிரத் தொடங்கியிருக்கும். கட்ச் வளைகுடா, ஹாங்காங்கின் மாய் போ, பிரிஸ்பேனை அடுத்த மோர்ட்டன் வளைகுடா என்று எங்கே போய் நின்றாலும் நிலைமை ஒன்றுதான். அடுத்த ஏழெட்டு மாதம் கண்ணில் படுவது மேலே சாம்பல், கீழே வெள்ளை.

அதனால் நிறத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். முதலில் அலகு, அடுத்து நடை, அடுத்து கால், பறந்தால் இறக்கையும் முதுகும், பிறகு குரல். இந்த வரிசையில் போனால் பெரும்பாலான பறவைகளுக்கு நிறம் வரைக்கும் போக வேண்டிய தேவையே வராது.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கோட்டான் என்றால் நமக்கு ஆந்தைதான் நினைவுக்கு வரும். பறவை நூல்களில் நீண்டு வளைந்த அலகுள்ள கர்லூவுக்கும் அதே பெயர். ஒரே பறவைக்கு நூலுக்கு நூல் வேறு வேறு தமிழ்ப் பெயர் இருப்பதும் உண்டு. குழப்பம் வரும் இடங்களில் ஆங்கிலப் பெயரையே தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் குறிப்பேட்டிலும் இரண்டையும் எழுதி வைப்பது நல்லது.

தண்ணீர் முதலில்

கரைப்பறவைக்குக் கடிகாரம் சூரியன் இல்லை, கடல். வற்றத்தில் உணவு, ஏற்றத்தில் ஓய்வு. பகலா இரவா என்பது அதற்கு இரண்டாம் பட்சம். வற்றம் முழுதாக இருக்கும் நேரத்தில் போனால் பறவைகள் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். தண்ணீர் ஏற ஏற மேய்ச்சல் நிலம் சுருங்கும். பறவைகள் தாமாகவே உங்களை நோக்கித் தள்ளப்படும். நீங்கள் சேற்றில் இறங்கிப் போக வேண்டியதே இல்லை. இறங்கவும் கூடாது. முழங்கால் வரை புதையும் சேறும், முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் நிரம்பும் ஓடைகளும் அனுபவசாலிகளையே சிக்க வைத்திருக்கின்றன.

பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி 50 நிமிடம் ஆவதால், இன்றைய ஏற்றம் நாளை சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்து, ஏற்றம் மிக உயரமாகவும் வற்றம் மிகத் தாழ்வாகவும் இருக்கும். அஷ்டமி வாக்கில் வித்தியாசம் குறைவு. இது பறவை பார்ப்பவருக்கு நேரடியாகப் பயன்படும் கணக்கு. அமாவாசை ஏற்றத்தில் சேறு முழுவதும் மூழ்கும். எல்லாப் பறவைகளும் ஏதோ ஒரு மணல்மேட்டில் ஒன்றாகக் கூடும். எண்ணுவதற்கு அதுதான் நாள். அஷ்டமி ஏற்றத்தில் சேற்றின் மேல்விளிம்பு மூழ்காமல் தங்கிவிடும். பறவைகள் கூடாமல் ஆங்காங்கே மேய்ந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்க்க அது ஏற்றது.

ஓத அட்டவணை, அதாவது ஏற்ற வற்ற நேரப் பட்டியல், துறைமுகத்துக்கென்று போடுவது. கழிமுகத்தின் உட்பகுதிக்குத் தண்ணீர் வந்து சேர அரை மணி, ஒரு மணி கூடப் பிடிக்கலாம். ஓரிரு முறை ஒரு கல்லையோ கம்பத்தையோ குறி வைத்து, தண்ணீர் அதைத் தொடும் நேரத்தை எழுதிக்கொண்டால் உங்கள் இடத்துக்கான தாமதம் கையில் வந்துவிடும். உச்ச ஏற்றம் காலையில் விழும் நாளாகவும், சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும் கரையாகவும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எதிர்வெயிலில் கால் நிறம், அலகு நிறம் எல்லாம் கறுப்பாகவே தெரியும்.

கண்ணாடியும் கானலும்

8x42 பைனாகுலர் போதும். சேற்றுத்திட்டுக்கு 20–60 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் ஒன்று இருந்தால் வேலை பாதியாகக் குறையும். பைனாகுலரை நம் கண்ணுக்குச் சரிசெய்யாமலே பலர் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துகிறார்கள். வலது பக்க முன்வில்லையைக் கையால் மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்கு ஒரு பொருளைத் தெளிவாக்குங்கள். பிறகு இடது பக்கத்தை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண்வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே பொருளைத் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தின் குறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் பைனாகுலரின் கண்குழிகளை (கண்ணை ஒட்டும் வளையங்களை) உள்ளே இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் குழாய்க்குள் பார்ப்பதுபோல் காட்சி சுருங்கும்.

ஸ்கோப்பில் 60 மடங்கு இருக்கிறதென்று அதையே வைத்துக்கொள்ளாதீர்கள். வெயில் ஏறியதும் மணலை ஒட்டிய காற்று சூடாகி, பறவையின் உருவம் நெளியத் தொடங்கும். மடங்கைக் கூட்டினால் நெளிவும் கூடும். 25, 30 மடங்கில் நிறுத்தி, மணலுக்கு மேல் பார்ப்பதைவிட்டுத் தண்ணீருக்கு மேல் பாருங்கள். மேகம் மறைக்கும் அரை நிமிடத்துக்குக் காத்திருங்கள். கானலில் அலகின் நீளமும் கால் நீளமும் பொய் சொல்லும். அந்த நேரத்தில் எடுத்த முடிவுகளை நான் குறிப்பில் கேள்விக்குறியோடுதான் வைப்பேன்.

லென்ஸில் மணல் பட்டால் துடைக்காதீர்கள். முதலில் ஊதுகுமிழால் ஊதித் தள்ளி, பிறகு ஈரத்துணி. ஒரு மணல் துகளை அழுத்தித் தேய்த்தால் மேற்பூச்சில் கீறல் விழும். டிரைபாட் கால்களை வீட்டுக்கு வந்ததும் முழுக்க நீட்டி நல்ல தண்ணீரில் அலசி, நீட்டியபடியே காயவிடுங்கள். மடக்கி வைத்தால் உப்பு பூட்டுகளில் இறுகி, அடுத்த முறை கால் நீளாது.

அலகைத் தலையால் அளப்பது

தூரத்தில் நிற்கும் பறவையின் அளவைக் கண்ணால் சென்டிமீட்டரில் சொல்ல யாராலும் முடியாது. வெறும் சேற்றில் தனியாக நிற்கும் பறவை நிஜத்தைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ தெரியும். ஆனால் அலகை அந்தப் பறவையின் தலையோடே ஒப்பிடலாம். அலகின் அடியிலிருந்து பிடரி வரை தலை ஒரு பங்கு என்றால், அலகு எத்தனை பங்கு? ஒரு பங்குக்குத் தெளிவாகக் குறைவானால் உப்புக்கொத்தி வகை. ஏறத்தாழ ஒரு பங்கு என்றால் சின்ன உள்ளான்கள் (சாண்ட்பைப்பர்). ஒன்றரை என்றால் ரெட்ஷாங்க், கிரீன்ஷாங்க் பக்கம். இரண்டு, மூன்று என்றால் மூக்கன்களும் கோட்டான்களும். இந்த ஒரு அளவே கூட்டத்தை நான்கு குவியலாகப் பிரித்துவிடும். பறவை நேராக உங்களைப் பார்த்து நிற்கும்போது அளக்காதீர்கள். அலகு பாதியாகத் தெரியும். பக்கவாட்டில் திரும்பும் வரை பொறுங்கள். அலகின் நுனியில் சேறு ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு கட்டிச் சேறு நேரான அலகை வளைந்ததாகக் காட்டிவிடும்.

நடையும் அதே அளவு பேசும். உப்புக்கொத்தி ஓடும், சட்டென நிற்கும், குனிந்து கொத்தும், மறுபடி ஓடும். அதற்குப் பெரிய கண். இரையைப் பார்த்துப் பிடிக்கிறது. ஈர மணலில் ஒன்று நிற்கும்போது உற்றுப் பாருங்கள்: ஒரு காலை முன்னால் வைத்து, விரல்களைப் படபடவென்று நடுக்கும். மேற்பரப்பில் ஏதோ அசையும். தலை ஒரு பக்கம் சாயும். அடுத்த நொடி புழு ஒன்று ரப்பர் போல் இழுபட்டு வெளியே வரும். இழுக்கும் வேகமும் நிதானமானது; பிய்த்தால் பாதி மண்ணுக்குள் போய்விடும்.

உள்ளான்களும் மூக்கன்களும் அப்படி இல்லை. தலையைக் கவிழ்த்து நடந்துகொண்டே துளைக்கும். மூக்கன் தன் அலகை முகம் சேற்றில் படும்வரை செருகும். அலகு நுனியில் நெருக்கமாக நரம்பு முனைகள். சேற்றுக்குள் இருக்கும் சிப்பியையும் புழுவையும் தொட்டே அறிகிறது. இன்னொரு வசதியும் உண்டு. அலகு முழுவதையும் திறக்காமல், மேல் அலகின் நுனியை மட்டும் தனியாகத் தூக்க முடியும். கெட்டியான சேற்றுக்குள் வாயை அகலத் திறக்க இடமேது? நுனி மட்டும் திறந்து, கவ்வி, மூடும்.

மணல் உப்புக்கொத்திகள்: இரண்டே அளவுகோல்

கரைப்பறவைகளில் அதிகம் தவறாக எழுதப்படுவது சிறிய மணல் உப்புக்கொத்தியும் பெரிய மணல் உப்புக்கொத்தியும்தான். இரண்டும் ஒரே நிறம், ஒரே நடை, பெரும்பாலும் ஒரே கூட்டம். "இது கொஞ்சம் பெரிசா இருக்கு" என்பது ஆதாரமில்லை. இரண்டு விஷயம் பாருங்கள்.

முதலாவது, அலகின் நீளம். அதை மனதுக்குள் பின்னால் மடக்கி முகத்தின் மேல் வையுங்கள். நுனி கண்ணின் பின்விளிம்பைத் தாண்டிப் போனால் பெரியது. பின்விளிம்போடோ அதற்கு முன்போ நின்றுவிட்டால் சிறியது. பெரியதன் அலகு நுனிக்குச் சற்று முன்னால் கீழ்ப்புறம் புடைத்து, பிறகு கூராகும். சிறியதன் அலகு கட்டையாக, மழுங்கலாக முடியும். இரண்டாவது, கால். பெரியதற்கு நீண்ட கால். வெளிறிய பச்சையோ மஞ்சளோ கலந்த சாம்பல். சிறியதற்குக் குட்டையான, கருஞ்சாம்பல் கால். பறக்கும்போது பெரியதன் விரல்கள் வால் நுனிக்கு வெளியே நீட்டியிருக்கும். கால் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள்: காய்ந்த சேறு எல்லாக் காலையும் ஒரே நிறமாக்கும், சாய்ந்த வெயில் எல்லாக் காலுக்கும் ஆரஞ்சு பூசும்.

அலகு நடுத்தரம், கால் தெரியவில்லை என்றால் "மணல் உப்புக்கொத்தி, இனம் உறுதியில்லை" என்று எழுதுங்கள். அது முழுமையான, மதிப்புள்ள பதிவு. சிறியதைச் சமீப ஆண்டுகளில் சைபீரிய இனம், திபெத்திய இனம் என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். குளிர்கால உடுப்பில் அவற்றைக் களத்தில் பிரிக்க முயல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஏப்ரலில் சிவப்பு ஏறிய பிறகு நெற்றியைப் பாருங்கள், அதுவரை பொறுக்கலாம்.

இந்தக் கூட்டத்திலேயே கெண்டிஷ் உப்புக்கொத்தியும் ஓடும். இதற்கு மட்டும் குழப்பமே வேண்டாம். பின்கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை முழுதாக ஓடினால் கெண்டிஷ். மணல் உப்புக்கொத்திகளுக்கு அந்தப் பட்டை கிடையாது.

கிரே ப்ளோவரும் பசிபிக் கோல்டன் ப்ளோவரும் நிற்கும்போது தயங்க வைக்கும். பறந்தால் விடை கையில். கிரே ப்ளோவரின் அக்குளில் கறுப்புத் திட்டு, மை தொட்டு வைத்ததுபோல். வாலடி (முதுகு முடிந்து வால் தொடங்கும் இடம்) வெள்ளை. கோல்டனுக்கு இரண்டும் இல்லை. இறக்கையின் அடிப்பக்கம் மங்கிய சாம்பல்பழுப்பு, முதுகும் வாலடியும் ஒரே நிறம்.

கோட்டானும் விம்ப்ரெலும்

வளைந்த அலகு என்றதும் கோட்டான் என்று எழுதிவிடுவது இரண்டாவது பெரிய தவறு. யூரேசியக் கர்லூவின் அலகு சீராக, வில் போல வளைந்து இறங்கும். சின்னக் கோட்டானான விம்ப்ரெலின் அலகு முக்கால் தூரம் ஏறத்தாழ நேராகப் போய் நுனியில் சட்டென மடங்கும். தலையில் இரண்டு கரும்பட்டை, நடுவே ஒரு வெளிர்கோடு, கண்ணுக்கு மேல் வெளிர்ப்புருவம். கர்லூவின் தலை வகிடு எடுக்காமல் படிய வாரியதுபோல் இருக்கும்.

சிக்கல் எங்கே வரும் என்றால், இளம் கர்லூவிடம். அதன் அலகு இன்னும் முழு நீளத்துக்கு வளர்ந்திருக்காது. ஆணின் அலகும் பெண்ணின் அலகைவிடக் குட்டை. ஆகஸ்ட், செப்டம்பரில் குட்டை அலகுக் கர்லூவை விம்ப்ரெல் என்று எழுதும் தவறு எளிதில் நடக்கும். தலைப்பட்டையைப் பார்க்காமல் அலகை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கிழக்காசியா, ஆஸ்திரேலியா பக்கம் மூன்றாவதாகக் கிழக்கத்தியக் கர்லூவும் உண்டு. கரைப்பறவைகளிலேயே மிக நீண்ட அலகு அதற்குத்தான். பறக்கும்போது யூரேசியக் கர்லூவின் முதுகில் வெள்ளை ஆப்பு ஒன்று மேலே ஏறும். கிழக்கத்தியதற்கு முதுகு முழுக்கப் பழுப்பு.

கர்லூவும் விம்ப்ரெலும் நண்டு பிடிப்பதைப் பார்க்க வேண்டும். விம்ப்ரெலின் அலகு வளைவு, வளைந்து இறங்கும் நண்டு வளைக்குள் அப்படியே பொருந்திப் போகும். தலையைச் சாய்த்து, சில சமயம் உடம்பையே திருகி, ஆழம் வரை செருகும். வெளியே வந்த நண்டை உதறி உதறிக் கால்களை உதிர்த்துவிட்டு, ஓட்டோடு உடலை மட்டும் விழுங்கும். உதிர்ந்த கால்கள் சேற்றில் கிடக்கும். அவற்றைப் பார்த்தே இங்கே என்ன மேய்ந்தது என்று சொல்லிவிடலாம்.

மூக்கன்களில் இரண்டு. கருவால் மூக்கனுக்கு நேரான அலகு, கோடில்லாத சாம்பல் முதுகு, பறக்கும்போது இறக்கையில் அகலமான வெள்ளைப் பட்டையும் கறுப்பு வாலும். பட்டைவால் மூக்கனுக்குச் சற்றே மேல்நோக்கிய அலகு, கோடு கோடான முதுகு, இறக்கையில் அந்தப் பட்டை கிடையாது. கால் உயரமும் உதவும்: கருவாலின் வயிற்றுக்கும் "முழங்காலுக்கும்" இடையில் கால் நிறையத் தெரியும். முழங்கால் என்று நாம் சொல்லும் மூட்டு உண்மையில் பறவையின் கணுக்கால். நிஜ முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது. வளையக் குறிகள் படிக்கும்போது இது மறுபடி தேவைப்படும்.

காதையும் திறந்து வையுங்கள்

ரெட்ஷாங்க் பறந்தால் இறக்கையின் பின்விளிம்பு முழுக்க வெள்ளை. எவ்வளவு தூரத்திலும் தெரியும். "ட்யூ-ஹு-ஹு" என்று முதல் அசையை அழுத்திக் கத்திக்கொண்டே போகும். ஆபத்தை முதலில் அறிவிக்கும் காவல்காரனும் இதுதான். கிரீன்ஷாங்கின் அலகு சற்றே மேல்நோக்கி, அடியில் தடித்தது. கத்தினால் சமமான மூன்று அசை, "ச்யூ-ச்யூ-ச்யூ". அதே சாயலில், ஊசி போல மெல்லிய நேரான அலகோடு, உடம்புக்குப் பொருந்தாத உயரக் காலோடு நின்றால் மார்ஷ் சாண்ட்பைப்பர். விம்ப்ரெல் ஒரே சுருதியில் ஏழெட்டு முறை தொடர்ந்து சிரிப்பதுபோல் விசிலடிக்கும். கர்லூ தன் பெயரையே நீட்டிச் சொல்லும். கிரே ப்ளோவர் மூன்று அசையில், நடுவே தாழ்ந்து மறுபடி உயரும் ஏக்கக் குரல். இந்த ஐந்தாறு குரல்கள் மனதில் பதிந்தால் மூடுபனியிலும் எதிர்வெயிலிலும் பாதிப் பட்டியல் தானாக வந்துவிடும்.

மேல்நோக்கி வளைந்த அலகும் குட்டையான மஞ்சள் காலுமாக, குனிந்தபடி நண்டைத் துரத்தி ஓடுவது டெரெக் சாண்ட்பைப்பர். பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டு பாறை ஓரத்தில் நடப்பது காமன் சாண்ட்பைப்பர். மார்புக்கும் இறக்கைக்கும் இடையில் வெள்ளை மேலேறியிருக்கும். கல்திருப்பிக்கு விளக்கமே வேண்டாம். ஆப்பு வடிவ அலகால் கல், சிப்பி, பாசி என்று எல்லாவற்றையும் புரட்டிக்கொண்டே போகும்.

சின்னதுகள்

அலை பின்வாங்கும்போது பின்னால் ஓடி, அலை வரும்போது முன்னால் ஓடித் தப்பும் வெளுத்த உள்ளான் சாண்டர்லிங். அதற்குப் பின்விரல் இல்லை. ஈர மணலில் மூன்று விரல் தடம் மட்டும் விழும். வளைமூக்கு உள்ளானுக்கும் டன்லினுக்கும் அலகு வளைவை வைத்துச் சண்டை போட வேண்டாம், பறக்கும் வரை பொறுங்கள். வாலடி முழு வெள்ளை என்றால் வளைமூக்கு. நடுவே கருங்கோடு ஓடினால் டன்லின்.

கொசு உள்ளானும் ரெட்-நெக்ட் ஸ்டிண்ட்டும் குளிர்கால உடுப்பில் கிட்டத்தட்ட ஒன்றே. முதலாவதற்குக் கால் சற்று நீளம், அலகு சற்று மெல்லியது. இரண்டாவதற்குப் பின்னுடல் நீண்டு, கால் குட்டை. "சற்று" என்ற சொல்லை எத்தனை முறை பயன்படுத்த வேண்டியிருக்கிறது பாருங்கள். நல்ல படமோ, அருகருகே நிற்கும் வாய்ப்போ இல்லாமல் நான் பிரிக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டிண்ட் கூட்டத்தை ஒவ்வொன்றாகப் பார்க்காமல் விடாதீர்கள். வங்காள விரிகுடாவின் வடகரையிலிருந்து தென்சீனா வரையுள்ள சேற்றுக்கரைகளில், அவற்றுக்கு நடுவே கரண்டி அலகு உள்ளான் ஒன்று இருக்கலாம். அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை அது. நேர்முகமாகப் பார்த்தால்தான் கரண்டி தெரியும். பக்கவாட்டில் வெறும் கறுப்பு அலகுதான். அதனால் மேயும் விதத்தைப் பாருங்கள். மற்றவை கொத்தும், இது ஆழமில்லாத தண்ணீரில் அலகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் துழாவும்.

ஆலாக்கள்

ஆலாவுக்கு (டெர்ன்) அலகு நிறத்தை நம்பலாம். மிளகாய்ப்பழ நிறத்தில் தடித்த அலகும் கடற்காகத்தின் பருமனும் இருந்தால் காஸ்பியன் ஆலா. வெளிறிய மஞ்சள் என்றால் பெரிய கொண்டை ஆலா. ஆரஞ்சு என்றால் சிறிய கொண்டை ஆலா. குட்டையான, தடித்த கறுப்பு அலகோடு, தண்ணீரில் பாயாமல் சேற்றின் மேல் தாழப் பறந்து நண்டைப் பொறுக்கினால் கல்-பில்ட் (கடற்காக அலகு) ஆலா. குளிர்காலத்தில் அதன் கண்ணுக்குப் பின்னால் கறுப்புத் திட்டு மட்டும் மிஞ்சும். ஓய்வெடுக்கும் ஆலாக் கூட்டம் முழுவதும் காற்றை எதிர்த்தே நிற்கும். காற்று உங்கள் முகத்துக்கோ முதுகுக்கோ நேராக வந்தால் நீங்கள் பார்ப்பது வால்களை அல்லது நெற்றிகளை. காற்று பக்கவாட்டில் வீசும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தால் எல்லாம் பக்கத்தோற்றத்தில் நிற்கும்.

கடற்காகங்களில் சிறியவை முழு உடுப்புக்கு வர இரண்டு ஆண்டு, பெரியவை நான்கு ஆண்டு. ஒவ்வோர் ஆண்டும் வேறு தோற்றம். முதல் வருடத்தில் அவற்றை விட்டுவிட்டு ஆலாக்களிலும் உள்ளான்களிலும் கை தேறுவது நல்லது என்பது என் கருத்து.

படம் எடுத்தால் ஒரு எச்சரிக்கை. கருத்த சேற்றில் நிற்கும் வெள்ளை ஆலாவை கேமரா தானாக அளந்தால் வெளுத்து எரிந்துவிடும். வெளிச்ச அளவை முக்கால் படி குறையுங்கள். வெளிறிய வானத்தில் பறக்கும் பறவைக்கு ஒரு படி கூட்டுங்கள். இல்லாவிட்டால் அக்குள் கறுப்பும் நிழலும் ஒன்றாகிவிடும்.

எண்ணுவதும் கொடி படிப்பதும்

கூட்டத்தில் முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வைத்து, அதே கட்டங்களாக நூறு வரை போங்கள். பிறகு நூறின் கட்டத்தால் மீதியை அளங்கள். நெருக்கமான கூட்டத்தைக் குறைத்து எண்ணுவதே வழக்கமான தவறு; பின்வரிசைகள் முன்வரிசைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கலப்புக் கூட்டமென்றால் ஓரத்தில் மட்டும் மாதிரி எடுக்காதீர்கள். ஒரே இனம் ஒரே பக்கமாக ஒதுங்கி நிற்கும் வழக்கம் உண்டு. இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் நூறு நூறாகப் பிரித்துப் பார்த்து விகிதத்தைப் போடுங்கள்.

காலில் ஆய்வாளர்கள் மாட்டிய நிறக்கொடி (சிறு பிளாஸ்டிக் பட்டை) இருந்தால் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு அதைப் படியுங்கள். எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, கொடி ஒன்றா இரண்டா, மேலே எந்த நிறம், எழுத்து என்ன. கிழக்காசிய-ஆஸ்திரேலிய வலசைப் பாதையில், கொடி மாட்டிய இடத்தை நிறமே சொல்லும்: ஆரஞ்சு என்றால் விக்டோரியா, மஞ்சள் என்றால் வடமேற்கு ஆஸ்திரேலியா, பச்சை என்றால் குயின்ஸ்லாந்து, கறுப்புக்குக் கீழே வெள்ளை என்றால் ஷாங்காயை அடுத்த சோங்மிங் தீவு. பறவையின் வலது கால் எது என்பதில் பலரும் தடுமாறுவார்கள். அது உங்களைப் பார்த்து நின்றால் அதன் வலது, உங்கள் இடது. வெயிலில் வெளிறிய ஆரஞ்சு மஞ்சளாகத் தெரியும். அதனால் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அப்படிக் குறியிட்டு, சின்னஞ்சிறு டிரான்ஸ்மிட்டரும் பொருத்திய பட்டைவால் மூக்கன் ஒன்று, பிறந்து ஐந்தே மாதமான குஞ்சு, 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு எங்கும் இறங்காமல் 11 நாளில் டாஸ்மேனியாவை அடைந்தது. 13,560 கிலோமீட்டர். வழியில் உணவில்லை, தண்ணீரில்லை. புறப்படும்போது இந்த மூக்கன்களின் எடையில் பாதி அளவுக்குக் கொழுப்பே இருக்கும். அவ்வளவும் சேற்றில் ஒவ்வொரு புழுவாகப் பொறுக்கிச் சேர்த்தது. ஏற்றத்தில் மணல்மேட்டில் ஓய்வெடுக்கும் கூட்டத்தை ஒருவர் படத்துக்காக எழுப்பிவிட்டால், சேர்த்த கொழுப்பிலிருந்துதான் அந்தப் பறப்புக்கும் செலவாகிறது. ஒரே ஏற்றத்தில் நாலைந்து முறை எழுப்பினால் எவ்வளவு போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கூட்டம் எழுவதற்கு முன் வரிசையாக அறிகுறிகள் காட்டும். முதலில் செருகியிருந்த அலகுகள் வெளியே வரும். தலைகள் உயரும். இறகு கோதுவது நிற்கும். பிறகு உங்களிடமிருந்து விலகி நடக்கத் தொடங்கும். ரெட்ஷாங்க் கத்தும். கோட்டான்கள் மற்றவற்றைவிட அதிக தூரத்திலேயே இந்த நிலைக்கு வந்துவிடும், அதனால் கூட்டத்தில் அவை இருந்தால் அவற்றின் தூரமே உங்கள் தூரம். தலைகள் உயர்ந்தவுடனேயே நில்லுங்கள். அடுத்த அடி முன்னால் வேண்டாம். மெதுவாகப் பத்திருபது அடி பின்வாங்கி, வானத்தின் பின்னணியில் நிழலுருவாகத் தெரியாதபடி தாழ உட்காருங்கள். ஐந்து, பத்து நிமிடம் ஆகலாம். ஒரு காலை மடித்துத் தூக்கி, அலகை மறுபடி முதுகுச் சிறகுக்குள் செருகிவிட்டதென்றால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் தூரம் சரி. இனி ஸ்கோப்பை விரித்து, இடது ஓரத்திலிருந்து எண்ணத் தொடங்கலாம்.